சைதூன் பீவியும் புகை விட்ட முட்டை அடுப்பும்

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்பது தென்காசியில் எங்கள் தெருவுக்கு மனப்பாடம். டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், வழுவழுவென்று ஜப்பான் சேலை, தகர டப்பாவில் மிட்டாய். எழுபத்தேழாம் வருஷம் பங்குனி வெயிலில் சேக் தாவூது வந்து இறங்கியபோது அவர் கூட இறங்கியது ஒரு மண்பானை.

பானை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஆனால் பார்த்தவர்கள் வேறு என்னவென்று சொல்வது? ஆள் ஒருத்தர் குந்தி உட்கார்ந்த உயரம். கோழிமுட்டையை நட்டமாக நிறுத்தி வைத்த மாதிரி வடிவம். கனத்த சுட்ட மண்ணில் மேலே பச்சை மெருகு. முட்டையின் தலைப்பாகம் மூடி, மிச்சம் அடுப்பு. இரண்டையும் இரண்டு இரும்புப் பட்டைகள் இடுப்புக் கச்சை போலச் சுற்றிப் பிடித்திருந்தன. பின்பக்கம் கீலும் ஸ்பிரிங்கும். அடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னக் கதவு, உச்சியில் புகை வெளியே போக இன்னொன்று. பஹ்ரைனிலிருந்து பம்பாய் வரை கப்பலிலும், அப்புறம் ரயிலிலும் வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் பயணம் செய்து வந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது சுடலையாண்டியின் குதிரை வண்டி. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "நாலு ஆளு வாங்கலே, இதுக்குள்ள யானைக்குட்டி இருக்கு" என்று சுடலையாண்டி கத்திக்கொண்டுதான் வந்தார்.

வாசலில் நின்று சைதூன் பீவி பார்த்தாள். பெட்டியைப் பிரித்து வைக்கோலை விலக்கியதும் அவள் முகம் போன போக்கு எங்களுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

"ஊர்ல எல்லாரும் பாட்டுப் பெட்டி கொண்டாராவ. நீங்க சட்டி கொண்டாந்திருக்கிய."

"சட்டி இல்ல சைதூனு. அடுப்பு."

"அடுப்பு இங்கன இல்லையாக்கும்?"

சேக் தாவூது பஹ்ரைனில் ஓர் அமெரிக்க எஞ்சினியர் வீட்டில் சமையல்காரர். கல்யாணமான மறுவருஷமே கப்பலேறியவர். சைதூன் இங்கே மாமியார் போன பிறகு தனியாக, மகள் ஜன்னத்தை வளர்த்துக்கொண்டு, பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவில்தான். லீவு முடிகிற சமயத்தில்தான் ஜன்னத்துக்கு வாப்பாவிடம் கூச்சம் போகும். மறுதடவை அவர் வரும்போது பழையபடி கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

அந்த எஞ்சினியர் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, தாவூது வெள்ளிக்கிழமைதோறும் ஆசையாய்க் கோழி சுட்ட அந்த அடுப்பை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அங்கேயே ஒரு கம்பெனி மெஸ்ஸில் அவருக்கு வேலையும் பேசி வைத்தார்கள். ஆனி மாதம் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் தாவூதின் மனசில் வேறொரு கணக்கு இருந்தது. வந்த மறுநாள் காலையில் டீயைக் குடித்துக்கொண்டே சைதூனிடம் சொன்னார். குற்றாலத்தில் அவள் தம்பி காஜா ஒரு பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். சீசனில் அருவியில் குளித்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு, முழுக்கோழியைக் கரித்தணலில் பதமாய்ச் சுட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? மூடி போட்டுச் சுடுவதால் கோழி காயாது, சாறு உள்ளேயே நிற்கும். இது ஓடிவிட்டால்...

ஓடிவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சைதூனும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அதைச் சட்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். முட்டை அடுப்பு என்றாள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காஜாவை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் அடுப்பை வைத்து, கரி போட்டுப் பற்றவைத்து, மிளகும் பூண்டும் எலுமிச்சையும் தடவிய கோழியைக் கம்பித்தட்டில் வைத்து மூடினார் தாவூது. அடிக்கதவையும் மேல்கதவையும் விரலளவு மட்டும் திறந்து வைத்தார்.

"இனி நாம தொடவே வேண்டாம். அதுவா வேகும்" என்று மைத்துனனிடம் பெருமையாகச் சொன்னார்.

சொல்லி முடிப்பதற்குள் மூடிக்கும் அடுப்புக்கும் இடையில் முன்பக்கமாகக் குபுகுபுவென்று புகை வந்தது. கதவுகளை இன்னும் குறுக்கினார். புகை குறையவில்லை. உள்ளே தீ அடங்க மாட்டேன் என்றது. காற்றுதான் இடுக்கு வழியாகத் தாராளமாகப் போகிறதே. பதறிப்போய்த் திறந்தபோது கோழி மேலே கரிக்கட்டை. வெட்டிப் பார்த்தால் எலும்பருகே சிவப்பு.

காஜா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதிய. இத நான் கடையில வச்சா போலீஸு வரும். நீங்க பேசாமக் கப்பலேறுறதுதான் நல்லது."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலம் தாவூது வெகுநேரம் முற்றத்தில் அடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூடியும் அடுப்பின் வாயும் சந்திக்கிற இடத்தில் சுற்றிலும் அமுக்கிச் செய்த கம்பளிப் பட்டை ஒட்டியிருந்தது. அதுதான் காற்றையும் புகையையும் அடைக்கிற பொருள். முன்பக்கம் பாதி வட்டத்துக்கு அது கருகிப் பொடிந்து போயிருந்தது.

"இதுக்கு மாத்துக் கம்பளி அமெரிக்காவுலதான் கிடைக்கும்" என்றார்.

"புகைய அடைக்க அமெரிக்காவுக்கா போகணும்?" என்றாள் சைதூன்.

முதலில் அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். பிரியாணிக்குத் தம் போடும்போது சட்டி வாயில் மாவைத் திரித்து ஒட்டுவது போல, கோதுமை மாவைப் பிசைந்து கயிறாக உருட்டி மூடியைச் சுற்றி அப்பினாள். புகை நின்றது. தாவூது கதவுகளைச் சரிபண்ணிவிட்டுக் காத்திருந்தார். மாவை உடைத்து மூடியைத் தூக்கியபோது, எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த வாசனையில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரசம் சோறு இறங்க மறுத்தது. கோழி தேன் நிறத்தில் இருந்தது. காலைப் பிடித்து லேசாகத் திருகினால் கையோடு வந்தது. ஜன்னத் வாப்பாவின் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

ஆகக் கோளாறு அடுப்பில் இல்லை. இடுக்கை அடைத்தால் போதும். ஆனால் கடையில் ஒவ்வொரு கோழிக்கும் மாவு அப்பி, உடைத்து, மறுபடி அப்பிக்கொண்டிருக்க முடியுமா? உடைக்கும்போது மாவுப் பொருக்கு கோழிமேல் வேறு உதிர்ந்தது.

அடுத்து ஈரச் சாக்கைக் கிழித்துப் பட்டையாக மடித்து வாயைச் சுற்றி வைத்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஈரம் காய்ந்ததும் சாக்கு கனன்று, முற்றம் முழுக்கப் புகை மண்டி, ஓட்டுக்கு மேலே கிளம்பியது. தெருவில் யாரோ "தீ! தீ!" என்று கத்தினார்கள். நாங்கள் எல்லோரும் கையில் கிடைத்த குடம், வாளி, அண்டாவோடு ஓடினோம். செங்கோட்டை ரயில் எஞ்சின் ஷெட்டில் பிட்டராக இருந்த எதிர்வீட்டு நம்பிராஜன் அண்ணாச்சி குளித்துக்கொண்டிருந்தவர், சோப்பு நுரையோடு இடுப்பில் துண்டும் கையில் வாளியுமாக எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

சைதூன் அடுப்புக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு மறித்தாள்.

"ஊத்திராதிய! ஒரு சொட்டு ஊத்திராதிய! சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சிரும்!"

"எரியுதே தாயி!"

"எரியட்டும்! சாக்குதானே எரியுது!"

சாக்கு எரிந்து தீரும்வரை தெருவே வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தது. கொண்டுபோன தண்ணீரை வீணாக்குவானேன் என்று எல்லோரும் அவள் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தோம். அந்த வாரம் அவள் குழாயடிக்கே வரவில்லை.

நம்பிராஜன் அண்ணாச்சிக்கு அன்றைக்கே அந்த அடுப்பின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. "என்னவே பாய், இது மூடி இடுக்க அடைக்கிற கேஸ்கட்டு பிரச்சினை. எங்க எஞ்சினுக்கு நாங்க தினமும் பாக்கற சோலி" என்று சொல்லி, ஷெட்டில் கழித்துப் போட்ட கல்நார்க் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அதன் தூசி நெஞ்சுக்குக் கெடுதல் என்று அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் தெரியாது. நல்லவேளை, அது சரிப்படவே இல்லை. கயிறு விரல் பருமன். அதை வைத்து மூடினால் மூடி கொட்டாவி விடுகிற வாய் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் மட்டும் வந்த புகை இப்போது சுற்றிலும் வந்தது.

வைகாசி பிறந்துவிட்டது. மேற்கே மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியது. தாவூது அடுப்பின் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் பம்பாய் ஏஜெண்டுக்குத் தந்தி அடித்து டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு வந்தார். சைதூனிடம் அதைச் சொன்னபோது அவள் பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "சரி" என்றாள். கத்தரி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து நம்பிராஜன் அண்ணாச்சி கல்நார்க் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். அது ஒரு பக்கமாகவே எரிந்து, கங்கு சாய்ந்து ஓடி அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அப்படியே.

"இலை சரியில்ல. இப்பம் வாற இலையெல்லாம் குப்பை" என்று வீசப் போனார்.

"இலை என்ன செய்யும் அண்ணாச்சி?" என்றாள் சைதூன், தன் கையிலிருந்த பீடிக்கு நூலைக் கட்டியபடி. "சுத்துனவ கோணலாச் சுத்திருக்கா. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்தா, தொளதொளப்பா இருக்கற பக்கந்தான் காத்து புகுந்து எரியும்."

சொன்னவள் அப்படியே நிறுத்தினாள். நூலை விட்டுவிட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்பருகே போய், கருகின கம்பளியைக் குனிந்து பார்த்தாள். முன்பக்கம் பாதிதான் கருகியிருந்தது. பின்பக்கம் கீலருகே கம்பளி புதுசு மாதிரி, ஆனால் நசுங்கித் தகடாக இருந்தது.

"இது கம்பளியோட குத்தம் இல்ல" என்றாள். "மூடி கோணலா உக்காந்திருக்கு. நாம என்னத்த வச்சு அடைச்சாலும் முன்பக்கம் எரியத்தான் செய்யும்."

தாவூது உள்ளேயிருந்து வந்தார். "கண்ணுக்கு நேராத்தானே தெரியுது?"

"கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். இருங்க."

சினிமாக் கொட்டகை வண்டியிலிருந்து வீசுகிற ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை நீளநீளமாகக் கிழித்தாள். அடுப்பு வாயைச் சுற்றி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு மூடியை மூடினாள். பிறகு ஒவ்வொரு துண்டாகப் பிடித்து இழுத்தாள். முன்பக்கத் துண்டுகள் ஊதினால் பறக்கிற மாதிரி சுலபமாக வந்தன. பக்கவாட்டில் லேசாகப் பிடித்தன. கீலருகே இருந்தவை கிழிந்தனவே தவிர வரவில்லை.

நம்பிராஜன் அண்ணாச்சி தொடையில் அடித்துக்கொண்டார். "அட! மூடியப் பிடிச்சிருக்க பட்டை பின்னுக்கு எறங்கிக் கெடக்கு. கப்பல்லயோ, வண்டியிலயோ எங்கயோ குலுங்குனதுல நழுவிருக்கு. எங்க ஷெட்டுல எஞ்சின் மூடியத் தொறந்தா மொதல்ல இதத்தான் பாப்போம். கேஸ்கட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"பாத்தாச்சுல்லா. ஸ்பேனர எடுத்துட்டு வாங்க" என்றாள் சைதூன்.

பட்டையின் போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி ஸ்பேனரைப் போட்டு, தாவூது மூடியைத் தாங்கிப் பிடிக்க, மெதுவாகத் தளர்த்தினார்கள். மூடி முழுவதும் தாவூதின் கையில் கனத்தது. "விட்டுராதியவே, விட்டுராதிய" என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல அவர் மூடியை மார்போடு சேர்த்துப் பிடித்தார். சைதூன் கீழே உட்கார்ந்து நோட்டீஸ் துண்டுகளை வைத்து இழுத்து, "கொஞ்சம் முன்னால... இல்ல, இந்தப் பக்கம்... போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எந்தத் துண்டை இழுத்தாலும் ஒரே மாதிரி பிடித்து நின்ற இடத்தில் போல்ட்டுகளை இறுக்கினார்கள்.

இனி கம்பளி வேண்டும். சாதாரணக் கம்பளித் துணி தாங்காது, அமுக்கிச் செய்த தடித்த கம்பளியாக இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று சைதூனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் தெருவில் போகிறதே, குதிரையின் முதுகில். சேணம் உராயாமல் இருக்க அதற்கு அடியில் போடுகிற மெத்தைக் கம்பளி.

சுடலையாண்டி முதலில் மறுத்துவிட்டார். "புதுசா வாங்கி வச்சிருக்கேன் ஆத்தா, குதிரைக்கு முதுகு புண்ணாயிருமே."

"குதிரைக்கு நான் தைச்சுத் தாரேன்." அவள் தன் கல்யாணச் சீரில் வந்த போர்வையை நாலாக மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, ஓரம் முழுக்க நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். பூப்போட்ட போர்வை. அந்த வருஷம் முழுக்க தென்காசி ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரைகளிலேயே அழகாக உடுத்தியிருந்தது சுடலையாண்டியின் குதிரைதான்.

பழைய கம்பளியைச் சுரண்டி எடுத்து, அடுப்பு வாயை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்தார்கள். புதுக் கம்பளியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினார்கள். ஒட்டுவதற்கு சைக்கிள் கடைப் பசை சூட்டில் இளகிவிடும் என்றார் அண்ணாச்சி. கீறல் விட்ட சட்டிகளுக்குச் சைதூன் ஒரு மருந்து வைத்திருந்தாள். முட்டை வெள்ளையில் சுண்ணாம்புத் தூளைக் குழைத்த கலவை. காய்ந்தால் கல். "முட்டை அடுப்புக்கு முட்டையேதான் ஒட்டு" என்று தாவூது சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். கம்பளியை இழுக்காமல், சுருக்கம் விழாமல் ஒட்டி, மூடியை மூடி, மேலே அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி வைத்துக் காயவிட்டார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாகக் கரி போட்டுச் சின்னத் தீயாக வைத்தார் தாவூது. எல்லோரும் முன்பக்கத்தையே பார்த்தோம். புகை உச்சிக்கதவில் மட்டும் நூல் மாதிரி எழுந்தது. பிறகு அவர் மேல்கதவையும் அடிக்கதவையும் ஒருசேர அடைத்தார். புகை நின்றது. சுற்றிச் சுற்றி வந்து கையை வைத்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு இழை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் தீ தானாக அணைந்து, மிச்சக் கரி அப்படியே கருப்பாகக் கிடந்தது.

"அடுப்பு மூச்ச அடக்கிருச்சு!" என்று அண்ணாச்சி கூவினார்.

அன்றைக்குச் சுட்ட முதல் கோழியில் லேசாகக் குதிரை வாசனை அடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாவூது ஒரு வாய் வைத்துவிட்டு மெல்லாமல் சைதூனைப் பார்த்தார். அவள், "அது ஒரு தடவ தீ காட்டுனாப் போயிரும், முழுங்குங்க" என்றாள். போயும்விட்டது.

காஜாவுக்குச் சொல்லாமலே ஒரு கோழியை வாழையிலையில் கட்டிக் குற்றாலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மறு பஸ்ஸில் காஜா நேரே வந்து நின்றான்.

"எப்பம் கொண்டாறிய மச்சான்?"

ஆனி தொடக்கத்தில் சாரல் விழுந்த அன்று, பூப்போட்ட மெத்தை போட்ட குதிரை முட்டை அடுப்பை இழுத்துக்கொண்டு குற்றாலம் போனது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் காஜாவின் கடைக்கு முன்னால் தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். முதல்நாள் வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகப் போனவர்கள், "அண்ணாச்சி, இது வெந்நீர் போடுற பாய்லரா?" என்று கேட்டார்கள். குளித்துவிட்டு உதடு நீலம் பாரித்துத் திரும்பி வந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். சூடான கோழியும் பரோட்டாவும், அதற்குமேல் ஒரு சால்னாவும். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போதாமல் மரத்தடியில் நின்று தின்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காஜாவின் புருவம் போனது. தாவூது தொழுகைக்குப் போயிருந்தார். கூட்டம் அவசரப்படுத்த, காஜா கதவுகள் அடைத்திருந்த அடுப்பின் மூடியைச் சட்டென்று முழுக்கத் திறந்தான். முன்பு முன்பக்கம் இடுக்கு இருந்தபோது ஒன்றும் ஆகியிருக்காது. இப்போதோ காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தணல், காற்றைக் கண்டதும் குப்பென்று பாய்ந்தது. காஜா பின்னால் துள்ளி விழுந்தான். ஒரு புருவமும் மீசையின் ஒரு பக்கமும் பொசுங்கியிருந்தன. கம்பளியும் ஓரத்தில் கருகிவிட்டது.

சேதி கேட்டுச் சைதூன் மறுநாள் முதல் பஸ்ஸில் மிச்சக் கம்பளியோடும் முட்டையோடும் வந்து இறங்கினாள். தம்பியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிக்காத அக்கா."

"சிரிக்கல. மத்த மீசையையும் எடுத்துரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்லா."

கருகின இடத்தை வெட்டி, ஒட்டுப் போட்டுவிட்டு, மூடியை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஒரு விரல் அளவு தூக்கி, உள்ளே இருக்கிறது மூச்சு விட்ட பிறகு முழுசாக. இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது என்று தாவூதுக்கே தெரியவில்லை.

கப்பலுக்காகப் பம்பாய் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் தென்காசியில் மெட்ராஸ் ரயில் ஏற வேண்டும். அதற்கு முந்தின நாட்களில் தாவூது வீட்டுக்கே வரவில்லை. குற்றாலத்தில் கூட்டம் அப்படி. போவதைப் பற்றியோ இருப்பதைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பதற்குச் சைதூனுக்கு வாய் வரவில்லை. கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால்? மத்தியானம் அவள் அவருடைய பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தாள். குற்றாலத்திலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போகிறவராக இருந்தால் வீட்டுக்கு வந்துபோக நேரம் இருக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜன்னத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவளைப் பார்த்த எங்கள் வீட்டுக்காரர், அவள் முகம் வெளுத்துக் கிடந்தது என்று வந்து சொன்னார்.

கடையில் தாவூது தணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"இன்னைக்குத்தானே வண்டி."

அவர் கிளறுகிற கம்பியைக் கீழே வைத்தார். "உள்ள என்ன இருக்கு?"

"உங்க சட்டைதான். துவைச்சு வச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். "இங்கன இருக்கற எல்லாச் சட்டையும் புகையில நாறுது. ஒண்ணு எடு, மாத்திக்கிடுதேன்."

சைதூன் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, ஈர விறகின் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கடையில் விறகே கிடையாது, எல்லாம் கரி. தாவூது கோழியின் ஈரலைக் கம்பியில் குத்திச் சுட்டு அவளிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கப்பலேறவில்லை. நாலைந்து சீசன் காஜாவோடு சேர்ந்து நடத்தினார்கள். அப்புறம் இலஞ்சி போகிற ரோட்டில் தனியாக ஒரு கடை எடுத்தார்கள். சீசன் இல்லாத மாதங்களில் தென்காசியில் கல்யாண வீடுகளுக்கு முட்டை அடுப்பு வண்டியேறிப் போகும். சைதூன் பீடித் தட்டை எடுத்துப் பரண்மேல் போட்டாள். ஒவ்வொரு வைகாசியிலும் பழைய கம்பளியைச் சுரண்டிப் புதுசு ஒட்டுவது அவள் வேலை, வேறு யாரையும் தொடவிட மாட்டாள். எண்பத்தைந்தில் குற்றாலத்துக் குரங்கு ஒன்று திறந்திருந்த மூடிமேல் தாவி, கீல் முறிந்து, மூடி இரண்டாகப் பிளந்தது. தெருவே துக்கம் கேட்கப் போனது. அவள்தான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, "அது செஞ்ச சோலி போதும். இனி செங்கல்லுல கட்டிக்கிடுவோம்" என்றாள். கொத்தனாரை வைத்துச் செங்கல்லில் இரும்புக் கதவு போட்ட அடுப்பாக இரண்டு கட்டினார்கள். அந்தக் கதவுகளின் ஓரத்தில் புகை வருகிறதா என்று அவள் முதலில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் கொத்தனார் கூலி கேட்க முடிந்தது.

இத்தனை வருஷமும் அருவிக்குப் பக்கத்திலேயே இருந்தும், சீசனில் அவள் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை என்பது எண்பத்தாறாம் வருஷம்தான் எங்களுக்குத் தெரிந்தது. "அடுப்ப விட்டுட்டு எங்க போக?" என்றாள். அந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறைந்த காலை நேரத்தில், கடையைக் காஜாவிடம் விட்டுவிட்டு தாவூதே அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். பெண்கள் பக்கத்தில் நாங்கள் அவளுக்குத் துணைக்கு நின்றோம். முதலில் தண்ணீர் தலையில் அறைந்ததும் "அல்லாவே!" என்று அலறிப் பின்வாங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. கூப்பிட்டோம், இரைச்சலில் கேட்கவில்லை. கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

கரையில் தாவூது அவளுடைய செருப்பையும் துண்டையும் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நேரம் ஆகுமா என்ற முகத்தோடு நின்றார். அவள் பல்லு கிடுகிடுக்க வந்து துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"பசிக்குது" என்றாள் சைதூன். "சீக்கிரம் நடங்க."